மேல்சட்டை

எங்க பெரியப்பா ஒரு பேச்சு சொல்லுவார், தம்பி. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று பார்க்கப் போனால், கட்டில் காலைத் தட்டிக்கொண்டே சொல்லுவார்: "ஆம்பளை தனக்கு வந்த சீக்கை வாசலைத் தாண்ட விடப்படாது..." இப்படித்தான் தொடங்கும். வாசலைத் தாண்டி வெளியே விடக்கூடாது என்றாரா, வாசலைத் தாண்டி வீட்டுக்குள்ளே விடக்கூடாது என்றாரா, அது மட்டும் சரியாக ஞாபகம் இல்லை. ஊருக்குத் தெரியக்கூடாது என்றால் ஒரு மாதிரி. வீட்டு மனுஷிக்கே தெரியக்கூடாது என்றால் வேறு மாதிரி. நான் ரெண்டாவதை எடுத்துக்கொண்டேன். அவர் இப்போது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

இடம் போதுமா உங்களுக்கு? நான் சாய்ந்து உட்கார மாட்டேன், தாராளமாக இருங்கள். சாய்ந்தால் நடுமுதுகில் குத்துகிறது. பஸ் வடசேரியில் கிளம்பினதிலிருந்து உங்க மடியில் இருக்கிற ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். அதே ஆஸ்பத்திரி ஃபைல் என் பையிலும் இருக்கிறது. முன்சீட்டில் தலையில் துணி கட்டிக்கொண்டு இருப்பது உங்க வீட்டுக்காரிதானே? மார்பிலா? கீமோ முடிந்துவிட்டதா? இனி மாத்திரை மட்டும். அஞ்சு வருஷமா! சரி, சரி. முகம் தெளிவாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கீழே. புராஸ்டேட். மூத்திரப்பைக்கு அடியில் ஒரு சுரப்பி, கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிசு. ஆம்பளைக்கு மட்டும்தான் உண்டாம். எனக்கும் சீக்கு வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

பெயர் சொல்லவில்லையே. பகவதியப்பன். பஹ்ரைனில் இருபத்திரெண்டு வருஷம், ஏசி மாட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். திரும்பி வந்து மூணு வருஷம் ஆகிறது. வந்த வருஷம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் மூத்திரம் போக நேரமானது. பிறகு ரத்தச் சோதனை, பிறகு சதையை ஊசியால் எடுத்து ஒரு சோதனை, பிறகு ஸ்கேன். எலும்பிலும் ரெண்டு இடத்தில் புள்ளி என்றார்கள். எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் போய் வந்தேன்.

டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடப் பத்து வயசு கூட இருந்தால் அதிகம். நன்றாக விளக்கிச் சொன்னாள். "அங்கிள், ஆம்பளைங்களுக்கு மீசை முளைக்க வைக்கிற ஹார்மோன் இருக்கில்லையா, அதுதான் இந்தக் கட்டிக்குச் சாப்பாடு. நாம சாப்பாட்டை நிறுத்தப் போறோம்." மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, வயிற்றுத் தோலுக்கு அடியில். அந்த ஊசி மூளையைப் போய்த் தட்டுமாம். முதல் ரெண்டு வாரம் மூளை பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சுரக்கச் சொல்லுமாம். அப்புறம் அலுத்துப்போய் ஆர்டர் போடுவதையே விட்டுவிடுமாம். அதோடு தினம் ஒரு மாத்திரை. மிச்சம் மீதி சுரக்கிற ஹார்மோன் கட்டிக்குள் போய் உட்கார முடியாதபடி இந்த மாத்திரை முந்திப் போய் இடம் பிடித்துவிடும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அந்த மாதிரி. நான் ஸ்டோர் கீப்பர். சப்ளையை நிறுத்தினால் சைட்டில் வேலை நிற்கும். எனக்கு உடனே பிடிபட்டது.

மருந்தின் மற்ற தொந்தரவுகள் என்று ஒரு தாள் கொடுத்தாள். மலையாளத்தில் இருந்தது, ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம்தானே. ஏழாம் வகுப்பு வரைக்கும் மலையாளத்தில் படித்து எட்டிலிருந்து தமிழுக்கு மாறினவன் நான், எனக்கு என்ன. வராந்தாவில் நின்று படித்தேன். மடித்தேன். பர்ஸில் வைத்தேன். வீட்டில் உமையம்மையிடம், சுகர் என்று சொன்னேன்.

உமையம்மை என் வீட்டுக்காரி. சுகருக்கும் வயிற்றில்தான் ஊசி, அதனால் பொய் பொருந்திப் போனது. ஒரு மாசம் சீனி இல்லாத காப்பி கொடுத்தாள். அப்புறம் ஒரு நாள் அவளாகவே சீனி போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். மறந்துவிட்டாள் போல. பெண்களுக்கு ஞாபகம் அவ்வளவுதான் தம்பி. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் சூடு இருக்கிறதே! மார்கழிக் குளிரில், காலை பத்து மணிக்கு, பேப்பர் படித்துக்கொண்டு இருக்கும்போது கழுத்தடியிலிருந்து ஒரு சூடு கிளம்பும். காது வழியாக உச்சி வரைக்கும் ஏறும். வேர்வை என்றால் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி. ரெண்டு நிமிஷம். பிறகு நடுக்கம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. உங்க வீட்டுக்காரிக்கும் வருகிறதா? அந்த மாத்திரையிலும் வருமா? அப்படியானால் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

உமையம்மைக்கு நாற்பத்தேழு வயசில் மாதவிலக்கு நிற்கிற சமயம் இதே சூடு வந்தது. போனில் சொல்லி அழுதாள். நான் பஹ்ரைனில் நாற்பத்தெட்டு டிகிரியில் நிற்கிறேன். "இங்க வந்து நின்னு பாரு, சூடுன்னா என்னன்னு தெரியும். ஃபேனைப் போட்டுக்கிட்டு சும்மா கிட" என்று சொன்னேன். இப்போது நான் பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அடுக்களையிலிருந்து எழுந்து வந்து ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். அடுப்படியில் நின்று அவளுக்கும் வேர்த்திருக்கும்.

அழுகை வேறு. ரசம் தாளிக்கிற வாசனைக்கு அழுதிருக்கிறேன். டிவியில் யாரோ ஒருத்தன் சமையல் போட்டியில் தோற்றதற்கு அழுதிருக்கிறேன். காலில் முடி கொட்டியது, தொப்பை விழுந்தது, கை மெலிந்தது. கட்டிலில் நானும் அவளும் அண்ணன் தங்கை மாதிரிதான். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாளில் எல்லாம் எழுதியிருந்தது. கடைசி வரியில் எழுதியிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்பு, தம்பி.

முதலில் சட்டை உரசினால் எரிந்தது. அஞ்சாறு மாசத்தில் காம்புக்கு அடியில் ஒரு கட்டி. ஒரு வருஷத்தில், மெதுவாகப் பேசுகிறேன், ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவு, மறுபக்கம் அதற்கும் கூட. நம்ம பக்கத்து ஆம்பளை வீட்டில் என்றைக்குச் சட்டை போட்டிருக்கிறான்? நான் போட்டேன். உள்ளே ரெண்டு பனியன், இறுக்கமாக. குளிக்கப் போனால் தாழ்ப்பாள். சவரக் கண்ணாடியைக் கழுத்துக்கு மேலே தெரிகிற மாதிரி உயர்த்தி மாட்டினேன். உமையம்மைக்குத் துணி எடுக்கவே தெரியாது என்பதும் அப்போது தெரிந்தது. கட்டம் போட்டு, ரெண்டு பக்கமும் பாக்கெட் வைத்து, தொளதொளவென்று நாலு சட்டை வாங்கி வந்தாள். ரெண்டு பாக்கெட்டில் நான் எதை வைக்க? ஆனாலும் போட்டேன். அது நமக்கு வசதியாகப் போயிற்று.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை கேட்கும், "வேற ஏதும் தொந்தரவு உண்டா அங்கிள்?" "ஒண்ணும் இல்ல டாக்டர்." என் மகள் வயசுப் பிள்ளையிடம் சட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறீர்களா?

அப்படியே ஓட்டியிருப்பேன். ரத்தச் சோதனையில் சீக்கு எவ்வளவு என்று காட்டுகிற எண்ணும் இறங்கி ஒன்றுக்குக் கீழே நின்றது. போன தை மாசம் மகள் ஸ்ரீகலாவுக்குச் சம்பந்தம் வந்தது. பாறசாலைக்காரர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஊர் வழியாகத்தான் பஸ் போகும். பையன் அருமை. குடும்பம் அருமை. ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணம் அவர்கள் ஊர் கிருஷ்ணன் கோயில் நடையில்தான். நடை என்றால் கருவறைக்கு நேர் எதிரே. ஆம்பளை சட்டை போட்டுக்கொண்டு அந்த மதிலுக்குள் போக முடியாது. நம்ம பக்கத்துக் கோயில்கள் எல்லாம் அப்படித்தானே. தோளில் போடுகிற நேரியதைக்கூட நடைக்கு முன்னால் இடுப்பில் சுற்றிவிட வேண்டும். அங்கே நின்று தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். இருநூறு பேர். நேர் எதிரே வீடியோ லைட்.

பேச்சு வார்த்தைக்கு வந்தவர்கள் முன்னால் உமையம்மை அடித்த அடியைப் பார்க்க வேண்டுமே!

"மண்டபத்துல தாலி கெட்டிட்டு, நேரா கோயிலுக்குப் போய்த் தொழுதா போதாதா?"

பையனின் அம்மா ராதம்மா சொன்னாள், "அது பற்றாது. நேர்ச்சையாக்கும். மூணு வயசில இவன் காய்ச்சலில கிடந்தப்ப நேர்ந்தது."

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குச் சளி உண்டு. மேல்சட்டை இல்லாம ஈரக் கல்லுல நின்னா ஒத்துக்கிடாது."

வீட்டு ஆம்பளை என்றால் நான் ஒருத்தன்தான். எனக்கு எந்தக் காலத்தில் சளி? வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஒரு தும்மலாவது போட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை. மண்டபம் கிடைத்தால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். ஆனால் அவளுக்கு எதற்கு அவ்வளவு பிடிவாதம்? பெருமை. அவளுடைய சொந்தக்காரர்கள் முன்னால் ஏசி மண்டபம் என்கிற பெருமை. வேறென்ன இருக்க முடியும்?

அவர்கள் மசியவில்லை. கோயில் நடை என்றே முடிவாயிற்று. ரெண்டு நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"கேட்டேளா, நடையில எங்க அண்ணன் நிக்கட்டுமே. தாய்மாமன்தானே. நீங்க வெளிய நின்னு வாறவங்களைக் கவனிக்கணும்லா. அதுக்கும் ஆள் வேணும்."

சோற்றுத் தட்டைத் தள்ளினேன். "நான் செத்தா போயிட்டேன்? தகப்பன் உசிரோட இருக்கும்போது உன் அண்ணன் வேலப்பன் எதுக்கு நிக்கணும்?"

"நான் உங்களுக்காகத்தான்..."

"என் பிள்ளை கல்யாணத்துல வரவேற்புக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிட்டு நிக்கப் பிறந்தவனா நான்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனாள். பார்த்தீர்களா, அவள் அண்ணனை ஏற்றி வைக்க என்னை இறக்கப் பார்க்கிறாள். அந்த ரோஷத்தில்தான் தம்பி அந்தக் காரியத்தைச் செய்தேன். மறுநாள் காலையில் மாத்திரையை நிறுத்தினேன். மாசியில் போட வேண்டிய ஊசிக்குப் போகவில்லை. வைகாசி ஊசிக்கும் போகவில்லை. கணக்கு என்னவென்றால், மருந்து கொடுத்த மார்பு, மருந்தை நிறுத்தினால் போய்விடும். கல்யாணம் முடிந்ததும் ஊசியைத் தொடரலாம். ஏழு மாசத்தில் என்ன ஆகிவிடும்?

நாலாம் மாசம் சூடு நின்றது. அழுகை நின்றது. நடையில் ஒரு மிடுக்கு வந்தது. ஒரு நாள் வேலப்பனோடு பந்தல்காரனைப் பார்க்கப் போனபோது, அவனை முந்திக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மார்பு மட்டும் ஒரு நூல் இறங்கவில்லை.

ஆனியில் முதுகு வலி வந்தது. பெஞ்சைத் தூக்கினதால் என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். தேய்த்துவிட வந்த உமையம்மையை விரட்டினேன், சட்டையைத் தூக்க வேண்டுமே. ஆடி பிறந்தபோது இருமினால் கால் வரைக்கும் மின்னல் அடித்தது. போன வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒன்றுக்குக் கீழே நின்ற எண், எழுபத்தாறு.

"ரெண்டு ஊசி போடலையே, ஏன் அங்கிள்?"

"கல்யாண வேலை, டாக்டர்."

முதுகைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையே சட்டையையும் பனியனையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டது. நான் கையால் மறைத்தேன். பிறகு சட்டையை இழுத்துவிட்டு, எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது.

"இதுக்காகவா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"முதல் மாசமே எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மார்புக்கு மட்டும் கொஞ்சம் கதிர்வீச்சு கொடுத்து இதைத் தடுத்திருக்கலாம் அங்கிள். இல்லேன்னா ஒரு மாத்திரை இருக்கு, மார்புப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுக்கிறது. அதையே ஆண்களுக்கு இதுக்காகக் கொடுப்போம். ஒரு வருஷம் ஆயிட்டா உள்ளே இறுகிடும். அப்புறம் எந்த மருந்தை நிறுத்தினாலும் கரையாது."

எந்த மருந்தை நிறுத்தினாலும். கேட்டுக்கொண்டீர்களா தம்பி? உங்க வீட்டுக்காரி தின்கிற அதே மாத்திரையாகத்தான் இருக்கும். எனக்கும் அது இருந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

இனி ஊசி மட்டும் போதாதாம். ஊசியும் வேண்டும், கீமோவும் வேண்டும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை. வேகமாகப் பெருகுகிற எதையும் அந்த மருந்து பிரிய விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். கட்டியும் வேகமாகப் பெருகுகிறது. முடி, வாய்க்குள் தோல், குடல், ரத்தத்தில் வெள்ளை அணு, இதெல்லாமும் வேகமாகப் பெருகுகிறது. மருந்துக்கு எது நம்முடையது, எது நமக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். எட்டாம் நாள் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் ஓடி வரவேண்டும் என்றது. விரல் நுனி மரத்துப் போகுமாம். உண்மையா தம்பி? உங்க வீட்டுக்காரிக்கு மரத்ததா? பூக் கட்ட முடிகிறதா? முடியவில்லையா.

தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டேன். "முதுகெலும்பு நசுங்கி நரம்பைப் பிடிச்சா காலு ரெண்டும் போயிடும். கல்யாணத்துக்கு நடந்து போகணுமா, தூக்கிட்டுப் போகணுமா?"

முதல் கீமோ இன்றைக்கு. சரியாக மூணாவது வாரம், ஆவணி பதினாலு வியாழக்கிழமை, ரெண்டாவது கீமோ. அன்றைக்குத்தான், காலை ஒன்பதரைக்கு, ஸ்ரீகலாவுக்குக் கல்யாணம். ஒரு நாள் தள்ளிக் கேட்கலாமே என்கிறீர்களா? அந்த டாக்டர்ப் பிள்ளையே சொல்லிவிட்டது, ரெண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம் அங்கிள், கல்யாணத்துக்குப் போய் நின்னுட்டு வாங்க என்று. பிரச்சினை தேதி இல்லை தம்பி. சட்டை.

முந்தாநாள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. பார்த்தேன். என் பெயர் இருக்கிற அதே அளவு எழுத்தில் தாய்மாமன் வேலப்பன் பெயர். எல்லா வீட்டுப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் மஞ்சள் தடவி வீடு தேடி வந்தது.

இன்றைக்குக் காலையில் வேலப்பன் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். பத்திரிகையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வீசினேன்.

"யாரு வீட்டுக் கல்யாணம் இது? உனக்கும் எனக்கும் ஒரே எழுத்தா?"

பாவம், இட்லியை வாயில் வைத்துக்கொண்டு முழித்தான். "மாப்பிளே, என் பேரையே எடுத்திட்டு வேற அடிப்போம். இன்னைக்கே பிரஸ்ஸுக்குப் போறேன்."

"அடிச்சது அடிச்சதுதான். மரியாதை இல்லாத இடத்துல நான் நிக்க மாட்டேன். நீயே கையைப் பிடிச்சுக் குடு. நான் வரல்ல."

ஸ்ரீகலா பல் தேய்த்த பிரஷோடு ஓடி வந்தாள். "அப்பா, சும்மாதானே சொல்றீங்க?" அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக் கத்தினேன். நம்ம ஊரில் பத்திரிகைச் சண்டையில் வராமல் போன தகப்பன்மார் உண்டு, சித்தப்பன்மார் உண்டு. ஊர் பத்து நாள் பேசும். ரோஷக்காரன் என்று சொல்லும். சொல்லட்டும். ரோஷக்காரன் என்பது ஆம்பளைக்குச் சொல்கிற பேச்சுதானே.

உமையம்மை, நான் கத்திக்கொண்டே இருக்கும்போது உள்ளே போய் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக் கொண்டு வந்தாள். இதோ, இந்தப் பைதான். பஸ்ஸில் ஏறிப் பார்க்கிறேன், நாலு பருத்தித் துண்டு. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டை ரெண்டு. குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்து பிரஷ் ஒன்று. ஒரு டப்பாவில் உப்பிட்ட எலுமிச்சம்பழம். இந்தப் புழுக்கத்தில் ஒரு கம்பளித் தொப்பி! நண்பன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவனுக்கு எதற்குத் தொப்பி? பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் திணித்திருக்கிறாள். அடியில் என் ஆஸ்பத்திரி ஃபைல். இன்வெர்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், சண்டைப் போக்கில் எடுக்க மறந்துவிட்டேன் என்றுதான் பஸ் ஏறும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். எப்போதோ நானே எடுத்து வைத்திருக்கிறேன். கோபத்திலும் எனக்குக் கவனம் தப்புவதில்லை.

படலைத் திறக்கும்போது பின்னாலேயே வந்து ஒரு வார்த்தை சொன்னாள். "இனி மூணு வாரத்துக்கு ஒருக்கா கோவம் வந்தாலும், சொல்லிட்டுப் போங்க. நானும் கூட வந்து கோவிச்சுக்கிடுதேன்."

என்ன பேச்சு இது? கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கிறது என்பதைக் குத்திக் காட்டுகிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளிடம் உளறியிருப்பேன். தெரிந்தால் தாங்க மாட்டாள் தம்பி. வெளியே தைரியசாலி மாதிரி இருப்பாள், உள்ளே ஒன்றும் கிடையாது.

ஒரு உதவி. கீமோவுக்குக் கூட ஒரு ஆள் இல்லாமல் படுக்க வைக்க மாட்டார்களாம். சொந்தத்தில் யாரிடம் கேட்பேன்? உங்க வீட்டுக்காரி டாக்டரைப் பார்த்த பிறகு அரை மணி நேரம் வந்து நில்லுங்கள். தம்பி என்று சொன்னால் போதும், கையெழுத்து ஒன்று போட வேண்டியிருக்கும். இவ்வளவு நேரம் தம்பி என்றுதானே கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். யோசித்துச் சொல்லுங்கள். களியக்காவிளை தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்க வீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிறாள். தண்ணீர் வேண்டுமோ என்னவோ, கொடுத்துவிட்டு வாருங்கள்.

தேதியா? அதை நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ரெண்டாவது கீமோவை ஒரு நாள்கூட மாற்ற வேண்டாம், ஆவணி பதினாலு காலை ஒன்பதரைக்கே போட்டுவிடுங்கள் என்று.